பாசந்தியும் மூன்று அஞ்சலட்டைகளும்

காணாமல் போன ஹோட்டல் பண்டங்களை நினைத்து ஏங்குகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவர்கள் முன்வாசல் வழியாகப் போய் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நான் பின்பக்கமாக நுழைந்து அடுப்படியைப் பார்த்தவன். தாம்பரம் வட்டாரத்தில் இருபத்தாறு வருஷம் உணவு ஆய்வாளராக இருந்தேன்.

போன மாதம் பெருங்களத்தூரில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் உணவகத்துக்கு, இன்னும் பணியில் இருக்கிற நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். 'அந்தக் கால ருசி' என்று தனியாக ஒரு மெனு அட்டை வைத்திருந்தார்கள். போண்டா சூப், பகாளாபாத், ரச வடை, காசி அல்வா, கடைசியில் மண் சட்டியில் பாசந்தி. நண்பர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இதெல்லாம் ஏன் சார் மெனுவுலேர்ந்து போச்சு?" என்றார். நான் ஸ்பூனால் கிளறிப் பார்த்தேன். பாலாடை ஓர் ஏடுகூட இல்லை. சோளமாவு போட்டுக் கெட்டியாக்கியிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். நிரூபிக்க இப்போது எனக்கு அதிகாரம் கிடையாது.

ஏன் போயிற்று என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. போண்டா சூப் போனதில் எனக்கு வருத்தமில்லை. முந்தின நாள் விற்காத போண்டாக்கள் மறுநாள் பருப்புத் தண்ணீரில் மிதந்ததைச் சில இடங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜாங்கிரியின் அந்தப் பளீர் நிறம் போனதற்கு, சாயத்தைத் தடுத்த எங்கள் துறைதான் காரணம். ஆனால் தாம்பரத்தில் ஒரு ஹோட்டலில் பாசந்தி நின்றுபோன கதை வேறு. அதில் எனக்கும் பங்கு உண்டு. அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இப்போது தொழிலில் இல்லை. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். ஹோட்டல் பெயர் மட்டும் வேண்டாம்.

மூன்று மாதப் பயிற்சியில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ததும் அரக்கு உருக்கி விரலைச் சுட்டுக்கொண்டதும்தான் நினைவில் நிற்கின்றன. வேலையைக் கற்றுக்கொண்டது டாக்டர் மரகதத்தின் கீழ். அவர்தான் எங்கள் சுகாதார அலுவலர். மெல்லிய குரல். மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். எந்த ஃபைலையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முதல் பக்கத்துல எல்லாரும் ஜாக்கிரதையா எழுதுவாங்க. போகப் போகத்தான் அசதியில உண்மை வரும்" என்பார். சோதனைக்குப் போய்த் திரும்பியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அங்க காபி குடிச்சீங்களா?" குடித்தேன் என்றால் அன்றைய அறிக்கையை வாங்கமாட்டார். அவரிடம் நான்கு வருஷம் இருந்த பிறகு, என் வீட்டில் மனைவி நீட்டும் பாலைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிக்க ஆரம்பித்தேன்.

முதல் அஞ்சலட்டை ஒரு திங்கட்கிழமை வந்தது. "ஐயா, மேற்படி ஹோட்டலில் பாசுந்தியில் பிளாட்டிங் பேப்பர் கலக்கப்படுகிறது. நடவடிக்கை எடுக்கவும்." கையெழுத்து இல்லை. மையை உறிஞ்சுவதற்கு அலுவலகங்களில் வைத்திருப்போமே, அந்தத் தடித்த தாள்தான் பிளாட்டிங் பேப்பர். அதைப் பாலில் ஊறவைத்துப் பிய்த்துப் போட்டால் பாலாடை மாதிரியே இருக்கும் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. பத்து நாள் கழித்து இரண்டாவது அட்டை வந்தது. மூன்றாவதில் நேரமும் குறித்திருந்தது: "ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்தால் பிடிக்கலாம்."

மூன்றிலும் ஒரே கோணல் எழுத்து. எழுதப் பழகும் குழந்தையின் எழுத்துபோல் தள்ளாடியது.

"இடது கையால எழுதி மறைக்கப் பாத்திருக்கான் மேடம். ஜிஎஸ்டி ரோட்டுல இருக்கிற இன்னொரு ஹோட்டல்காரர் வேலைதான்" என்றேன்.

டாக்டர் மூன்று அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். "போட்டிக்காரன் எண்ணெயைப் பத்தி எழுதுவான். எலியைப் பத்தி எழுதுவான். மொத்தக் கடையும் படுக்கிற மாதிரி எழுதுவான். இவர் ஒரே ஒரு பண்டத்தைப் பிடிச்சிக்கிட்டிருக்கார். அது எத்தனை மணிக்கு வெளிய வரும்னும் தெரிஞ்சிருக்கு. ஏன்?"

மூன்றையும் என் பக்கம் தள்ளி, "போய் சாம்பிள் எடுங்க" என்றார்.

அதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். இன்றுவரை உறுத்துகிற காரியம். அட்டையில் இருந்த நேரம் சரிதானா என்று உறுதிசெய்ய, வியாழக்கிழமை சாதாரண வாடிக்கையாளனாக அந்த ஹோட்டலுக்குப் போனேன். கை கழுவுகிற இடத்தில், மணி என்ற சர்வரை ஓரமாக அழைத்து, பாசந்தி எப்போது கிடைக்கும் என்று விசாரித்தேன். "ஞாயித்துக்கெயம அஞ்சு மணிக்கு வரும் சார். ஆறரைக்குள்ள காலியாயிடும். ஸ்வீட் மாஸ்டர் காத்தாலேர்ந்து அதான் கிண்டிக்கினு இருப்பாரு" என்றான். முதலாளி ராகவன் கல்லாவிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு ஐந்து மணி. பாசந்திப் பாத்திரம் கண்ணாடி அலமாரிக்கு வந்ததும் என் அடையாள அட்டையைக் காட்டி, நோட்டீஸைப் பூர்த்திசெய்து ராகவன் கையில் கொடுத்தேன். அவர் முகம் மாறிப்போனது.

"சார், பன்னெண்டு வருஷம். மதுரை பஸ்ஸுக்குப் போறவங்க இதுக்காக இங்க எறங்கிட்டுப் போறாங்க சார். யாரு சார் உங்ககிட்ட என்ன சொன்னது?"

அதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. சாட்சி தேவை. நான் சாட்சி என்ற வார்த்தையைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அம்மா மட்டும், "எங்க போடணும் கையெழுத்து?" என்று கேட்டு இடது கையால் என் பேனாவை வாங்கினார்.

விலை கொடுத்து வாங்கி ரசீது பெற்றேன். பாத்திரத்தை அடி வரை கலக்கி, காய்ந்த சுத்தமான மூன்று சீசாக்களில் சம பங்காக நிரப்பினேன். ஒவ்வொன்றிலும் கெடாமலிருக்க ஃபார்மலின் சொட்டுகள். இறுக மூடி, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, டாக்டர் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டை அடியிலிருந்து மூடி வரை ஒட்டினேன். ராகவனின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி காகிதத்திலும் விழவேண்டும். அப்போதுதான் யாரும் பிரித்து ஒட்ட முடியாது. பிறகு நூல் கட்டு, முடிச்சுகளின் மேல் அரக்கு முத்திரை. இதற்கே ஒரு மணி நேரம் ஆனது. கூட்டம் வாசல் வரை நின்றது.

அந்த ஒரு மணி நேரமும் ஸ்வீட் மாஸ்டர் துரைசாமி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். செம்பாக்கத்துக்காரர். வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தார். குற்றம் செய்தவர்கள் கத்துவார்கள், இல்லையென்றால் காலில் விழுவார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. "எடுத்துக்கினு போங்க சார். நல்லா செக் பண்ணட்டும்" என்றார். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கையில் எதை மறைத்து வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சீசா ஆய்வுக்கூடத்துக்குப் போனது. தனியாகக் கொஞ்சம் வாங்கி வந்திருந்ததை டாக்டர் தன் அறையிலேயே சோதித்தார். கண்ணாடிக் குழாயில் ஒரு கரண்டி பாசந்தி, கொஞ்சம் அமிலம், கொஞ்சம் தண்ணீர். கண்ணாடிக் கோலால் கலக்கினார். மெல்லிய நார்கள் இரண்டு மூன்று கோலில் சுற்றிக்கொண்டு வந்தன.

"பேப்பர்!" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது?

டாக்டர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "நார். அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம். வெளிய வாயைத் திறக்காதீங்க."

நான் திறக்கவில்லை. ஆனால் அன்று வாசலில் நின்ற கூட்டத்துக்கு வாய் இருந்தது. இரண்டே நாளில் ஸ்டேஷன் முழுக்க 'பேப்பர் பாசந்தி' என்று பெயர் பரவியது. கல்லூரிப் பையன்கள் வாசலில் நின்று, "சார், ரூல்டா அன்ரூல்டா?" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ராகவன் பலகையில் பாசந்தி என்ற எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார். ஆய்வறிக்கை பாதகமாக வந்தால் விற்றவருக்கும் செய்தவருக்கும் சிறை. ராகவனுக்கு அது தெரியும்.

அறிக்கை வருவதற்குள் செய்முறையை நேரில் பார்த்து எழுதச் சொன்னார் டாக்டர். ராகவன் உடனே சம்மதித்தார். ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் போய் நாற்காலி போட்டு அடுப்பருகே உட்கார்ந்தேன்.

பாலை முதலில் துணியில் வடிகட்டினார் துரைசாமி. பழைய வேட்டியைக் கிழித்த துணி, ஓரம் நைந்திருந்தது. அகன்ற வாணலியில் பாலை ஊற்றிச் சின்னத் தீயில் வைத்தார். பொங்கவிடாமல், சும்மா நடுங்கவிட்டார். மேலே ஆடை படிந்ததும் கரண்டியின் முதுகால் அதை அலுங்காமல் வாணலியின் ஓரத்துக்குத் தள்ளி, சுவரோடு ஒட்டவைத்தார். அடுத்த ஆடை. அதையும் தள்ளினார். நடுவில் இருக்கிற பால் அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும். அதே சமயம் மேலே ஆடை படியவும் விடவேண்டும். நிறுத்தவும் கூடாது, வேகமாகக் கிண்டவும் கூடாது. இப்படி ஆறு மணி நேரம். கடைசியில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, ஓரத்தில் ஏடு ஏடாக ஒட்டியிருக்கும் ஆடையைச் சுரண்டி உள்ளே சேர்ப்பது. அந்த ஏடுகளைப் பார்த்தேன். நனைந்த தடித்த தாள் மாதிரியேதான் இருந்தன.

மூன்றாவது மணி நேரத்தில் கரண்டி அவர் வலது கையிலிருந்து நழுவி வாணலியின் விளிம்பில் விழுந்தது. என்னைப் பார்க்காமல் இடது கையால் எடுத்துத் தொடர்ந்தார். "சூடு சார்" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் எதை நம்பவில்லை என்றும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

சிறிது நேரத்தில் மறுநாளைக்கான சரக்குச் சீட்டு கேட்டு ஆள் வந்தது. துரைசாமி கரண்டியை அவனிடம் கொடுத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். இடது கையால் எழுதினார். நான் எழுந்து பின்னால் போய் நின்றேன். கடலை மாவு, சர்க்கரை, நெய். எழுதப் பழகும் குழந்தையின் எழுத்து. ஆணியில் குத்தியிருந்த பழைய சீட்டுகளைப் புரட்டினேன். போன மாதச் சீட்டு ஒன்றில், அட்டைகளில் இருந்தது போலவே 'சு' போட்டு, "பாசுந்திக்குப் பால்" என்று இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அந்தக் கை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"நடிப்பா இருக்கலாம் மேடம். முதலாளிக்கும் அவருக்கும் ஏதாவது தகராறு இருக்கும். பழிவாங்க எழுதியிருப்பார்."

"பழிவாங்கறவர் தானும் ஜெயிலுக்குப் போற மாதிரி எழுதமாட்டார். சட்டம் பண்டத்தைத்தான் பாக்கும். எழுதினவர் பேரு நம்ம ஃபைல்ல வேண்டாம். வெளியவும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுங்க. அந்த வடிகட்டற துணியில ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க."

ஆய்வறிக்கை வந்தது. கொழுப்பு அளவு சரி. மாவு இல்லை. காகித நார் இல்லை. பருத்தி இழை உண்டு. நான் கொண்டுவந்த துணியின் இழையும் அதுவும் டாக்டரின் லென்ஸுக்கடியில் ஒன்றாக இருந்தன. புதிய துணியோ சல்லடையோ பயன்படுத்தும்படி எச்சரிக்கை கொடுத்து ஃபைலை மூடினார். ராகவன் அறிக்கையின் நகலைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். யாரும் அதைப் படிக்கவில்லை. பாசந்தி கேட்பாரும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஊருக்குப் போகிறவர்கள் கூட்டம். ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீர்ப் பாக்கெட் விற்றுக்கொண்டு ஓடியவனை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. சர்வர் மணி. என்னைப் பார்த்ததும் நின்றான்.

"இன்னா சார், திரும்ப எதுனா கேக்கணுமா?"

"ஹோட்டல்ல இல்லையா?"

"நீங்க அன்னிக்கு என்னிய ஓரமா இட்டுகினு போயி பேசினீங்க இல்ல, அத்த மொதலாளி பாத்துகினே இருந்தாரு. நான்தான் கார்டு எய்திப் போட்டேன்னு சொல்லி, அவ்ளோ பேர் முன்னாடி வெளிய போடான்னுட்டாரு. வேற ஹோட்டல்லயும் சேத்துக்க மாட்றாங்க. காட்டிக் குடுக்கறவன்னு பேரு ஆயிடிச்சி சார்."

"நீ சொல்லலையா, நான் நேரம்தான் கேட்டேன்னு?"

"சொன்னேன். யாரு நம்பறா?"

ஒரு பஸ் கிளம்பியது. அவன் அதன் பின்னால் ஓடினான்.

அங்கிருந்து நேராகச் செம்பாக்கம் போனேன். ஏரிக்கரைப் பக்கம் துரைசாமியின் வீடு. அவர் மனைவி நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. அந்தம்மா உள்ளே போனதும் துரைசாமியிடம் சொன்னேன்.

"மணியை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அவன்தான் கார்டு எழுதினான்னு."

"தெரியும் சார்."

"எழுதினது யாருன்னு எனக்கும் தெரியும் மாஸ்டர். சரக்குச் சீட்டைப் பார்த்தேன்."

அவர் மறுக்கவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்ட முயன்றார். தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. பாதியில் நடுங்கி இறங்கியது.

"ரெண்டு வருசமா இப்டித்தான் கீது சார். லட்டு புடிப்பேன், மைசூர்பா கிண்டுவேன், அது கொஞ்ச நேரம். இது ஆறு மணி நேரம். முடியலன்னு சொன்னா வேற மாஸ்டரப் போட்டுடுவாங்க. ரெண்டு பொண்ணு கீது வூட்ல. கவர்மெண்டு வந்து நிறுத்திட்டா என் கை மேல பேச்சு வராது பாருங்க. டெஸ்ட்ல ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும். நான் செஞ்ச பாசுந்தி சார் அது. வந்து பாத்தாவே மொதலாளி பயந்து நிறுத்திடுவாருன்னு நெனச்சேன்."

"நார் வந்தது. தெரியுமா? துணி நார்னு லேப்ல சொன்னதால தப்பிச்சீங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் உள்ள போயிருப்பீங்க."

அவர் முகம் வெளுத்தது. "அந்தத் துணியிலயா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"அது முடிஞ்சுபோச்சு. மணிக்கு என்ன பண்ணப்போறீங்க?"

முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவர் சொல்லமாட்டார் என்றே எனக்குப் பட்டது. நானே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் டாக்டருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. திரும்பினேன்.

பொங்கல் முடிந்து கடை திறந்த அன்று காலை மணியிடம் நேரம் மட்டும்தான் கேட்டேன் என்பதையாவது சொல்ல நான் ஹோட்டலுக்குப் போனபோது, துரைசாமி எனக்கு முன்பே கல்லா அருகே நின்றுகொண்டிருந்தார். சொல்லி முடித்திருந்தார் போலிருக்கிறது. ராகவன் கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"கை முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாஸ்டர். என் மானத்தை வாங்கிட்டீங்களே."

"மூணு தடவ சொன்னேன் மொதலாளி. மூணு தடவயும் தைலம் வாங்கிக் குடுத்தீங்க."

ராகவன் பேனாவைக் கீழே வைத்தார். துரைசாமியின் கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "மணி எங்க இருக்கான்னு தெரியுமா சார்?" என்று கேட்டார்.

ஆட்டோ பிடித்து மூன்று பேரும் பெருங்களத்தூர் போனோம். மணி பாக்கெட் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டான். ராகவன், "தப்பு என்னோடது. வந்துடு" என்றார். துரைசாமி தலை குனிந்து நின்றார்.

மணி மூட்டையை இறக்கி வைத்தான். "அல்லார் முன்னாடியும்தான வெளிய போன்னு சொன்னீங்க மொதலாளி? அல்லார் முன்னாடியும் உள்ள வான்னு சொல்லுங்க. அப்ப வரேன்."

ராகவன் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். மனிதர்களைப் பற்றி நான் போட்டுவைத்த கணக்குகளில் இதுவும் தப்பாகிப்போனது. மறுநாள் காலை எட்டரை மணி. டிபன் கூட்டம் நிரம்பிய நேரம். மணி வாசற்படியில் நின்றான். ராகவன் கல்லாவை விட்டு இறங்கி நடு ஹாலுக்கு வந்தார். சாப்பிடுகிறவர்கள், சர்வர்கள், துரைசாமியோடு எட்டிப் பார்த்த அடுப்படிக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மணி யாருக்கும் எந்த லெட்டரும் எழுதலை. நான் தப்பா சொல்லிட்டேன். மணி, உள்ள வா."

நானும் எழுந்து நின்று, நேரம் கேட்டது நான்தான், அவன் சொன்னது அவ்வளவுதான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இட்லியைக் கையில் பிடித்தபடி ஒருவர், என்ன நடக்கிறது என்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார்.

மணி உள்ளே வந்தான். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெகுநேரமாகக் காத்திருந்த ஒரு குடும்பத்தின் மேசைக்குப் போய் நின்றான்.

"இன்னா சாப்புட்றீங்க சார்?"